நூறாவது இலை

வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும்.
குளிரில் வெள்ளை ஈக்கு இறக்கை கனக்கும்,
இருந்த இடத்தில் இருக்கும்.
ஏழரை மணி தாண்டினால்
நிழல் பட்டாலே எழுந்து போய்விடும்,
வெறும் இலைதான் கையில் மிஞ்சும்.

கெசீராவின் பருத்தி. பதினாறாம் வாய்க்கால்.
பதூலின் குத்தகை நிலத்தில்
மூலையிலிருந்து மூலைக்குக் குறுக்கே நடக்கிறேன்.
காம்பை இரண்டு விரலால் பிடித்து
மெல்லத் திருப்ப வேண்டும்.
மெல்ல என்பதுதான் இந்த வேலை.

ஒன்று. நான்கு. இல்லை. இரண்டு.
மடை ஓரத்துச் செடியில் ஒன்பது.

நூறு இலைக்கு இருநூறு ஈ, அதுதான் கோடு.
இருநூறு என்று எழுதினால்
தாள் மாலைக்குள் இன்ஸ்பெக்டர் மேசைக்குப் போகும்,
மேசையிலிருந்து ஓடுதளத்துக்கு.
விடிந்தால் மஞ்சள் விமானம்.
செலவு பதூலின் கணக்கில் ஏறும்.
நூற்றுத் தொண்ணூற்றொன்பது என்று எழுதினால்
ஒன்றும் நடக்காது.

"உன் வேலை எண்ணுவது, அபக்கர்,
எண்ணிப் பார்ப்பது என் வேலை"
என்பார் இன்ஸ்பெக்டர்.

கரையில் பதூல், தோளில் மண்வெட்டி.
"ஐந்து முறை மருந்தடித்தாகிவிட்டது.
இந்தப் பருத்தி என்னுடையதா, விமானத்துடையதா?"
நான் எழுபதில் இருந்தேன்.
பதில் சொன்னால் கணக்கு விட்டுப்போகும்.

போன வருடம் அவள் அண்ணன் நிலத்தில் பொறுத்தோம்.
ஈ குடித்த சாறு தேனாய்ச் சொட்டி
வெடித்த காயின்மேல் படிந்தது.
ஆலையில் இயந்திரம் அதைக் கடித்து நின்றுபோக,
மூட்டைகள் திரும்பி வந்தன.
பிரித்துப் பார்த்தவனின் விரல்
விரலோடு ஒட்டிக்கொண்டது.
அடித்தாலும் கடன், அடிக்காவிட்டாலும் கடன்.
எந்தக் கடன் என்று சொல்ல எனக்குச் சம்பளம்.

அறுபத்து மூன்றாம் இலையின் அடியில்
ஈக்குஞ்சுகள், செதில் செதிலாய்.
பாதிக்கு நிறம் மாறியிருந்தது.
ஊசிமுனை அளவு குளவி ஒன்று
உள்ளிருந்து தின்று முடித்து
வட்டமாய்த் துளையிட்டு வெளியேறியிருந்தது.
படிவத்தில் குளவிக்குக் கட்டமில்லை.
ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன்.
விமானம் வந்தால் முதலில் சாவது அதுதான்.

என் தம்பி யூனுஸ் கொடி பிடிப்பவன்.
வரப்பு முனையில் வெள்ளைத் துணியோடு நிற்பான்,
விமானம் அவனைக் குறிபார்த்து வரும்,
தலைக்கு மேல் திறப்பதற்குள்
இருபது தப்படி நகர்ந்துவிட வேண்டும்.
சில நாள் பதினைந்துதான் நகர்கிறான்.
அவன் சட்டையைத் தனியாகத் துவைக்கிறோம்.
விமானம் வராத நாளில்
அவனுக்குக் கூலி இல்லை.

தொண்ணூற்றெட்டாம் இலையில் நூற்றுத் தொண்ணூற்றைந்து.
அடுத்ததில் இரண்டு.
நூறாவது இலை உள்ளங்கையைவிடப் பெரியது.
திருப்பாமலே தெரிந்தது,
பின்பக்கம் வெளுத்துப்போய் இருக்கும்.

காம்பைத் தொட்டேன்.
விரல் நடுங்கியது.

மாவுச் சல்லடையைத் தட்டியது போல
எல்லாம் ஒன்றாய்க் கிளம்பி,
சற்றே காற்றில் நின்று,
பக்கத்துச் செடிக்குப் போய் அமர்ந்தன.
இலையில் மிஞ்சியது ஒன்று.
கால் ஒட்டிக்கொண்டதோ,
சோம்பலோ.

பதினோரு வருடத்தில் நடுங்காத விரல்.
டிசம்பர் குளிர் என்று சொல்லிக்கொள்ளலாம்.
நூற்றுத் தொண்ணூற்றெட்டு என்று எழுதினேன்.
எட்டைத் திருத்தமாகப் போட்டேன்.

பதூல் எதுவும் கேட்கவில்லை.
மண்வெட்டியை மாற்றுத் தோளில் வைத்துக்கொண்டு
மடை திறக்கப் போனாள்.
அடுத்த எண்ணிக்கை வியாழக்கிழமை.
அதுவரை ஈயும் குளவியும்
தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளட்டும்,
அல்லது தீர்க்காமல் போகட்டும்.

இரவு யூனுஸ் கேட்டான்,
நாளைக்கு வேலை உண்டா?
பதினேழாம் வாய்க்காலில் கேட்டுப் பார், என்றேன்.
அங்கே எண்ணுகிறவன் யார்?
அவன் கை நிதானமானது, என்றேன்.